ஏணியிலிருந்து விழாதவன்

காலில் ரத்தம் உறைந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் என்றால், அதற்குக் கொஞ்சம் மரியாதையான காரணம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீண்ட விமானப் பயணம், பெரிய ஆபரேஷன், பரம்பரையாக வருகிற ரத்தக் கோளாறு, இப்படி ஏதாவது. எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வயதில், மகளுடைய நாற்காலியில் பதினாலு மணி நேரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் குதிரை ஓட்டினேன். இதை எழுதச் சொன்னவள் என் மனைவி மல்லிகா. "ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொல்லிக்கிட்டுக் கிடக்க வேண்டாம். ஒரே தடவையா எழுதிப் போடுங்க, எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். படியுங்கள்.

தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஜாக்கெட் துணியும் லைனிங்கும் ஃபால்ஸும் விற்கிற மேட்சிங் சென்டர் என்னுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. புடவையும் கையுமாக வந்து, "இது கிளிப் பச்சை இல்லண்ணா, நல்லா பாரு, பாசிப் பச்சை" என்று சண்டை போடுகிற ஜனங்களுக்கு நடுவில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியாகிவிட்டது. கடை ஆட்கள் டீ நேரத்தில் செல்போனில் டுமீல் டுமீல் என்று சுட்டு விளையாடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெளங்குமாடா இது?" என்று அவர்கள் காதுபடவே தலையில் அடித்துக்கொள்வேன்.

என் விளையாட்டு அந்த ரகமில்லை என்பது என் நினைப்பு. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனபோது விட்டுச் சென்ற பெரிய கம்ப்யூட்டரில் அது இருந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு ராஜா காலம். கோட்டை, சேறு, பன்றி, பாதிரியார். மாவு ஆலையில் கூலி வேலை பார்த்த ஒருவன் சண்டைக்குப் போகிறான். மந்திரம் போடுவது, ஆகாயத்தில் பறப்பது எதுவும் கிடையாது. அவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும். குளிக்காமல் போனால் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள். பையில் ரொட்டியை நாலு நாள் வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும், அதைத் தின்றால் வயிற்றைக் கலக்கும். எழுத்துகூடத் தெரியாது, ஒருவரிடம் போய் உட்கார்ந்து பாடம் படித்தால்தான் கடிதம் வாசிக்க முடியும். நிஜம் மாதிரியே இருக்கிறது என்று இதைத்தான் கொண்டாடுகிறார்கள். நானும் கொண்டாடினேன். கடையிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். நான் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பதாக நினைத்து மல்லிகா சத்தம் போடாமல் பாலை வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பாலை ஆறவிட்டுவிட்டு, அந்தக் கூலிக்காரனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லிகாவின் அக்கா மகளுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு எண்ண வேண்டும், என்னால் வர முடியாது என்று சொல்லி, அவளை அவள் அண்ணன் குடும்பத்தோடு ரயிலேற்றி அனுப்பினேன். கடைக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். இரண்டு பக்கமும் வழியடைத்தாயிற்று. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். அன்றைக்குக் கோட்டை முற்றுகை. மகளுடைய நாற்காலி உயரம் குறைந்தது, அதன் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தும். வலது காலை மடித்துப் பிருஷ்டத்துக்குக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், அதற்குப் பொத்தான் உண்டு. எழுந்தால் அந்த வேகம் போய்விடும் என்று ஒரே ஒரு தடவை தவிர எழவில்லை. எழ வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கோட்டை விழுந்தது. எழுந்து நின்றபோது வலது கால் மரக்கட்டையாக இருந்தது. வெற்றிக் களிப்பில் நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மறுநாள் ஆடுசதையில் வலி. அதற்கு மறுநாள் கால் வீங்கி, பேன்ட் இறுக்கியது. மல்லிகா ஊரிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல், "என்ன காலு இப்படிக் கிடக்கு?" என்றாள்.

"கடையில ஏணியிலருந்து எறங்கையில பிசகிருச்சு" என்றேன்.

சரக்கு எண்ணினேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன் அல்லவா, ஏணி தானாக வந்து சேர்ந்துகொண்டது.

இங்கே மல்லிகாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களுக்குச் சுளுக்கு எடுக்கிற ராசி உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஊரில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் இவளைக் கூட்டிப்போய் விடுவார்களாம். கே.கே. நகரில் எங்கள் அபார்ட்மென்டிலும் அதே கதைதான். கழுத்தைத் திருப்ப முடியாத பேங்க் மேனேஜர், பேட்மின்டன் ஆடி மணிக்கட்டைப் பிசகிக்கொண்ட மாமி, எல்லோரும் எங்கள் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான் இதையெல்லாம் கேலி செய்வேன். "டாக்டரம்மா கிளினிக் திறந்தாச்சா?" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே எண்ணெய் காய்ச்சுவாள். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனவள். ஊர் அவளைத் தேடி வருவதற்கு அந்தக் கை ஒன்றுதான் காரணம், அது அவளுக்கும் தெரியும்.

மூன்று சாயங்காலம் தேய்த்தாள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, முழங்காலிலிருந்து கீழே அழுத்தி வழித்தாள். உருட்ட உலக்கை இல்லாததால் சப்பாத்திக் கட்டையை வைத்து உருட்டினாள். உயிர் போனது. இரண்டாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏங்க, நெசமாவே ஏணிதானா? பிசகுனா கரண்டைக்கால்லதான புடிக்கும்? இது ஆடுசதையிலல்லா கல்லு மாதிரி இருக்கு."

"ஏணிதான்னு சொல்றேன்ல, தேய்" என்றேன் எரிச்சலாக. அவள் தேய்த்தாள்.

நான்காம் நாள் காலை, கடை மாடிக்கு ஏறும்போது வலது விலாவில் யாரோ ஊசியால் குத்தினார்கள். மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. இருமினேன். கைக்குட்டையில் ரத்தப் பொட்டு. அப்படியே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, பயத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடை ஆட்கள் மல்லிகாவின் அண்ணன் சண்முகத்துக்குப் போன் செய்தார்கள். உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எந்த ஆபீசானாலும் எந்த ஆஸ்பத்திரியானாலும் "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டு வருகிற மனிதர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆள் இருந்ததால் தேனாம்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தாண்டி அங்கே கொண்டுபோனார். அந்த ஆள் அன்றைக்கு லீவு.

எமர்ஜென்சியில் என் சட்டையை வெட்டினார்கள். பொத்தானைக் கழற்றக் கூடவா நேரமில்லை என்று கேட்க நினைத்தேன், மூச்சு வரவில்லை. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், விரலில் கிளிப் மாட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். காலில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்டுகிற ஸ்கேன் அது. பிறகு கையில் ஒரு மருந்தை ஏற்றி, வட்டமான மெஷினுக்குள் தள்ளி, நெஞ்சை சி.டி. எடுத்தார்கள். அந்த மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்ட மாதிரி இருக்கும். போகவில்லை, பயப்பட வேண்டாம். இதை முன்கூட்டிச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

வெளியே காத்திருக்கிற இடத்தில், சிரிக்கிற தாத்தா பாட்டி படம் போட்ட போஸ்டருக்குக் கீழே, மல்லிகா நின்றுகொண்டே இருந்தாளாம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லையாம்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், வேகமாகப் பேசுகிறவர். ஆடுசதைக்குள் ஆழமாக ஓடுகிற பெரிய ரத்தக்குழாயில், அசையாமல் நின்ற ரத்தம் தயிர் மாதிரி உறைந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, மேலே ஏறி, இதயத்தைக் கடந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. துண்டு சின்னது என்பதால் நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், பெரியதாக இருந்தால் கேட்க ஆளிருக்காது. இவ்வளவுதான் அவர் சொன்னதின் சாரம். ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் தினம் இரண்டு ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

"காலை யாராவது அமுக்கிவிட்டாங்களா?" என்று கேட்டார்.

மல்லிகா ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தான் டாக்டர். சுளுக்குன்னு நெனச்சு மூணு நாள் தேய்ச்சேன்."

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "இனிமே தேய்க்காதீங்கம்மா. இந்த மாதிரி நேரத்துல தேய்ச்சா கட்டி நகரும்" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், சமீபத்துல லாங் டிராவல் ஏதாவது? ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காந்திருந்தீங்களா?"

கட்டிலின் ஒரு பக்கம் மல்லிகா. இன்னொரு பக்கம் சண்முகம். பாத்திரக்கடைக்காரர் காதில் விழுந்தால் உஸ்மான் ரோடு பூராவும் மறுநாள் சிரிக்கும்.

"இல்ல டாக்டர். ஏணியிலருந்து பிசகுனதுதான்" என்றேன்.

அந்த நேரத்தில் என் யோக்கியதை அவ்வளவுதான்.

மறுநாள் பார்வையாளர் படையெடுப்பு. ஆப்பிள், சாத்துக்குடி, சத்துமாவு டப்பா. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஏன் ஆப்பிளை மட்டும் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதேயில்லை. மேசையில் இருபத்திரண்டு ஆப்பிள் சேர்ந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று வைத்தியம் தெரிந்துவிட்டது. நேற்றுவரை சுளுக்குக்கு மல்லிகாவிடம் வந்த பேங்க் மேனேஜரே, ரத்தக்கட்டைப் போய் யாராவது தேய்ப்பார்களா என்று கேட்டார். சண்முகம் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

"கூறு இருக்கா இவளுக்கு? சப்பாத்திக் கட்டையை வச்சு உருட்டியிருக்கா. மாப்ள பொறுமைசாலி, வாயத் தெறக்காம காலைக் குடுத்திருக்கார்."

மாப்பிள்ளை, அதாவது நான், கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருந்தேன். மல்லிகா ஜன்னலோரம் நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னைத் தொடவில்லை. டம்ளரை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். தலையணையைச் சரி செய்ய நர்ஸைக் கூப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

படுத்துக் கிடக்கும்போது அந்த விளையாட்டை நினைத்தால் எரிச்சலாக வந்தது. அந்தக் கூலிக்காரன் வயிற்றில் வாள் பாய்ந்தாலும் ஒரு துணியைச் சுற்றுவான், ரத்தம் நிற்கும். மூலிகைக் கஷாயம் இரண்டு மடக்குக் குடித்துத் தூங்கினால் விடிந்ததும் குதிரையேறிவிடுவான். நிஜம் மாதிரியாம். என் புறங்கையில் ஒரு ஊசி குத்துவதற்கு மூன்று பேர் முயன்று, நாலாவது ஆள் வெற்றி பெற்றார். கக்கூசுக்குப் போகவர எனக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. அதையெல்லாம் எந்தக் கோட்டையிலும் எவனும் காட்டுவதில்லை.

மூன்றாம் நாள் என்னை நடக்கவைக்கச் சொன்னார் டாக்டர். நடக்கவைத்தவள் கஸ்தூரி என்கிற ஆயா. கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த குடும்பம். குடிசையை இடித்துப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள்.

"இன்னா நைனா, சாஞ்சிகினே கீற? எறங்கு. டாக்டரு நடக்க சொல்லிகீறாங்க."

வராந்தாவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "நீ இன்னா வேல பாக்குற?" என்றாள்.

"துணிக்கடை."

"இந்த சீக்கு லாரி ஓட்றவனுக்கு வரும், கம்பூட்டர் கம்பெனில உக்காந்துகினே கீறவனுக்கு வரும். நான் எத்தினி பேர பாத்துகீறேன். துணிக்கடைல நின்னுகினே இல்ல இருப்பாங்கோ? உனுக்கு எப்டி வந்துது?"

"ஏணியிலருந்து விழுந்தேன்."

"ஏணிலருந்து உய்ந்தா கை கால் ஒடியும் நைனா. ரத்தம் எதுக்கு ஒறையுது?" என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சரி வுடு, நட. அந்தம்மா பாவம், காலைலருந்து ஒண்ணியும் துன்னல."

எட்டாவதுகூடப் படிக்காத ஆயா நாலு அடி நடப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். எம்.டி. படித்த டாக்டர், நோயாளி சொன்னதை நம்பி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். அது டாக்டருடைய குற்றமில்லை. அன்று மத்தியானம் அவர் வந்து, "வெளிப்படையா காரணம் எதுவும் இல்லாம இப்படி உறைஞ்சா, உள்ளே வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும்" என்றார். சில புற்றுநோய்களில், நோய் தெரிவதற்கு முன்பே இப்படிக் காலில் ரத்தம் உறையுமாம். வயிற்றுக்கு ஸ்கேன், இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள். பரம்பரைக் கோளாறாக இருந்தால் மகளுக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார்.

மல்லிகா வெளியே போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் விபூதியோடு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்தவள், என் நெற்றிவரை கொண்டுவந்த கையை இழுத்துக்கொண்டு, "கஸ்தூரி, நீ பூசிவிடேன்" என்றாள்.

கஸ்தூரி பூசிவிட்டாள். பூசும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரங்கநாதன் தெருவில் சாயம் போன துணியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலை டாக்டர் தனியாக வந்தபோது சொல்லிவிட்டேன். மல்லிகா கேன்டீனுக்குப் போயிருந்தாள். சண்முகம் கடையில் இருந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எனக்கு வீரம் வரும்.

"பதினாலு மணி நேரமா?" என்றார் டாக்டர்.

"ஆமா."

"தண்ணி?"

"குடிக்கல."

"எழுந்திரிச்சீங்களா?"

"ஒரு தடவை."

அவர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். "சார், இங்க குடிச்சிட்டு வர்றவங்ககூட எத்தனை பாட்டில்னு சொல்லிடறாங்க. நேத்து உங்க பொண்ணைக்கூட டெஸ்ட்டுக்கு வரவைக்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தோம்."

"என் மனைவி தேய்ச்சதாலதான் மேல போச்சா டாக்டர்?"

"இருக்கலாம். தேய்க்காமலே போறதும் உண்டு, யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா, சுளுக்குன்னு நீங்க சொன்னா அவங்க வேற என்ன செய்வாங்க? வீட்ல சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஸ்கேனை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. கேன்டீனிலிருந்து வந்த மல்லிகாவிடம் நர்ஸ், "ஸ்கேன் வேண்டாம்னுட்டாங்க, காரணம் தெரிஞ்சிடுச்சாம்" என்று சொல்லியிருக்கிறாள். மல்லிகா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒரே நேரத்தில்.

"கேன்சர் இல்லயாம். முருகா. வேற ஒண்ணும் இல்லயாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப என் கைதான், என்ன? வேற காரணமே இல்லல்லா."

நான் டாக்டரிடம் மட்டும் சொன்னதில் நடந்தது இதுதான். சந்தேகப்பட மிச்சமிருந்த ஒரே இடத்தையும் அடைத்துவிட்டு, அவளைத் தனியாக நிற்கவைத்துவிட்டேன்.

"உன் கை இல்ல மல்லிகா" என்றேன்.

"எனக்காகச் சொல்லாதிய" என்றாள். தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டேன். அன்று முழுவதும் விழுங்கினேன், மறுநாளும் விழுங்கினேன். நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, அவள் அக்கா மகள் கல்யாணத்தைத் தவிர்த்துவிட்டு, மாவு ஆலைக் கூலிக்காரனாக வேஷம் கட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? கடை ஆட்களை ‘வெளங்குமாடா’ என்று கேட்ட அதே வாயாலா?

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். சண்முகம், அவர் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த மல்லிகாவின் அக்கா, மூவரும் அறையில் இருந்தார்கள். ஆப்பிள்களைப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தோம். சண்முகம் தங்கையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இனிமே எவன் காலையும் நீ தொடக்கூடாது. இந்தச் சுளுக்கு எடுக்கிற சோலியெல்லாம் இன்னையோட விட்டுரணும். சத்தியம் பண்ணு" என்றார்.

மல்லிகா தலையை நிமிர்த்தாமல், "சத்தியமா தொட மாட்டேன் அண்ணே" என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. துண்டு இன்னொன்று பிய்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"மச்சான், நான் ஏணியில ஏறவே இல்ல" என்றேன். "கல்யாணத்தன்னிக்குக் கடைக்கே போகல. வீட்ல பதினாலு மணி நேரம் உக்காந்து கம்ப்யூட்டர்ல கேம் ஆடினேன். காலை மடிச்சுப் போட்டு அது மேலயே உக்காந்ததுல ரத்தம் ஒறைஞ்சிருச்சு. அவகிட்டப் பொய் சொல்லித் தேய்க்கச் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இதோ சிரிக்கப்போகிறார் என்று சண்முகத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்முகத்தின் கண் கலங்கிவிட்டது. வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, பொண்டாட்டிய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு இப்படி ஒரு கதையைச் சொல்லுதீயளே. இருபத்தஞ்சு வருசம் கடை நடத்துத மனுசன், கேம் ஆடினேன்னு உங்களையே கேவலப்படுத்திக்கிட்டு! ஏ மல்லிகா, பாத்துக்கோ. இந்த மாதிரி ஒரு மாப்ள கெடைக்குமா?"

மல்லிகாவின் அக்கா மூக்கை உறிஞ்சினாள். நான் வேண்டாம், நிஜம்தான் என்று கத்தினேன். கத்தக் கத்த என் பெருமை ஏறிக்கொண்டே போனது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதர் என்னை மதித்தார், அதுவும் ஒரு உண்மையைச் சொன்னதற்காக, அதைப் பொய் என்று நம்பி. மல்லிகாவும் நம்பவில்லை. அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

காரில் கே.கே. நகர் வந்தோம். லிஃப்டில் ஏறி வீட்டுக்குள் வந்ததும், சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனவளைக் கூப்பிட்டேன். "இங்க வா" என்று மகளுடைய அறைக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். எத்தனை நாள், என்றைக்கு, எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் அது எழுதிவைத்திருக்கிறது. மொத்தம் இருநூற்றுப் பதினோரு மணி நேரம். அதில் கல்யாண நாளைத் தேடி எடுத்துக் காட்டினேன். ஆரம்பம் காலை ஏழு பத்து. முடிவு இரவு ஒன்பது இருபது.

அவள் குனிந்து தேதியைப் படித்தாள். விரலை வைத்து மறுபடி படித்தாள். அந்த நேரங்களில் தான் எங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. ஏழு பத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு முடிந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்து, சாப்பிட்டியளா என்று கேட்டிருந்தாள். கோட்டைச் சுவரில் ஏறிக்கொண்டே, சரக்கு இன்னும் எண்ணி முடியவில்லை என்று சொல்லியிருந்தேன்.

"இதெல்லாம் நீங்க ராத்திரி ராத்திரி கணக்குப் பாத்தது" என்றாள், மற்ற வரிகளைக் காட்டி.

"ஆமா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். விளையாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானைக்குள் இருந்த இன்னொரு கையையும் வெளியே எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறு நாளும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத்தான படுத்துக் கெடந்திய?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு பதிலை மட்டும் அவள் உடனே நம்பினாள்.